அரியதும் அருகியதும்: மட்சுதாக்கே காளானின் காப்புநிலை உணர்த்தும் பாடம்

திடுமெனத் தோன்றிப் பெருகுவனவற்றைக் காளானுக்கு ஒப்பிடுதல் தமிழ் வழக்கு. நேற்றுப் பெய்த மழையில் இன்று முளைத்த காளான் என்று இளையோரை எள்ளுவதும், காளான்போல் கடைகள் முளைத்தன என்று நாளிதழ்கள் எழுதுவதும் நாம் அறிந்தவையே. மலாய் மொழியிலும் மழைக்குப் பின் முளைக்கும் காளான் மிகுதிக்கு உவமையாகின்றது. சங்க இலக்கியத்தில் காளான் 'ஆம்பி' எனப்படும். சிறுபாணாற்றுப்படையிலும் புறநானூற்றிலும் ஆம்பி பூத்த அடுக்களையும் அடுப்பும் வறுமையின் அடையாளங்களாக வருகின்றன. சமையல் நிகழாத இடத்தில் தானே முளைத்துக் கிடப்பது காளான் என்பதே அங்கும் உட்கருத்து.

இவ்வழக்குகள் அனைத்தும் காளானுக்குக் குறைவே நேராது என்னும் எண்ணத்தை நம் உள்ளத்தில் ஊன்றச் செய்துள்ளன. அவ்வெண்ணம் உண்மையன்று. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2020-ஆம் ஆண்டில் தன் செம்பட்டியலில் மட்சுதாக்கே என்னும் காட்டுக் காளானை 'அழிவாய்ப்பு இனம்' என்று வகைப்படுத்தியது. இக்காளானின் காப்புநிலையை விளக்குவதும், அதனை விளக்குவதற்கு நம் மொழியில் உள்ள சொற்களை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கங்கள். இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பது போகப்போக விளங்கும்.

மண்ணுக்கு மேல் தெரிவது சிறுபகுதியே

குடைபோல் விரிந்து நம் கண்ணுக்குப் புலனாவது பூஞ்சை உயிரியின் முழுவுடல் அன்று. மாமரத்துக்கு மாங்கனி எவ்வாறோ, பூஞ்சைக்குக் காளான் அவ்வாறு. வித்துத்துகள்களைக் காற்றில் பரப்புதற்காகச் சிலநாள் தோன்றி மறையும் உறுப்பு அது. உண்மையான உடல், நூலினும் மெல்லிய இழைகளின் வலையாக மண்ணுக்குள்ளோ மரக்கட்டைக்குள்ளோ பல ஆண்டுகள் வாழ்கின்றது.

மட்சுதாக்கே மண்ணுக்குள் வாழும் வகையைச் சார்ந்தது. அதன் இழைகள் பைன் மரத்தின் நுண்வேர்களைச் சூழ்ந்து உறைபோல் போர்த்திக்கொள்கின்றன. மரம் ஒளிச்சேர்க்கையால் ஆக்கிய சர்க்கரையில் ஒரு பங்கைப் பூஞ்சைக்கு அளிக்கின்றது. பூஞ்சையோ, வேர் எட்டமுடியாத மண் இடுக்குகளிலிருந்து நீரையும் கனிமச் சத்துகளையும் திரட்டி மரத்துக்குத் தருகின்றது. கொண்டும் கொடுத்தும் வாழும் இவ்வுறவு இன்றி மட்சுதாக்கே இல்லை. அதனால்தான் வைக்கோற் படுக்கையில் சிப்பிக் காளானை வளர்ப்பதுபோல் இதனை வளர்க்க இயலவில்லை. பல்லாண்டுக்கால முயற்சிக்குப் பின்னும் வணிக அளவில் பயிரிடும் முறை கைகூடாமையால், சந்தைக்கு வரும் மட்சுதாக்கே காட்டிலிருந்து பறிக்கப்பட்டதாகவே உள்ளது.

மண்ணுக்குள் வெண்ணிறமாகத் திரண்டிருக்கும் இவ்விழைத்திரளை ஜப்பானியர் 'ஷிரோ' என்பர். அச்சொல் அவர்தம் மொழியில் ஒலியளவில் கோட்டைக்கும் வெண்மைக்கும் பொதுவானது. ஷிரோ ஆண்டுக்கு ஏறத்தாழ 10 முதல் 15 செ.மீ. அளவே வெளிநோக்கி விரிகின்றது. காளான்கள் அதன் விளிம்பை ஒட்டி வளைய வடிவில் முளைக்கின்றன. ஒரே இரவில் முளைத்ததாக நாம் கருதும் காளானுக்குப் பின்னால், அங்குலம் அங்குலமாக நகர்ந்த பல பத்தாண்டுகளின் வளர்ச்சி இருக்கக்கூடும்.

ஓர் இனத்துக்கு இரு பெயர்

'மட்சு' என்பது பைன் மரம், 'தாக்கே' என்பது காளான். ஆகவே மட்சுதாக்கே என்பதற்குப் பைன்காளான் என்பதே பொருள். 8-ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட மன்யோசூ என்னும் ஜப்பானியத் தொகைநூலில் இலையுதிர்காலத்தின் நறுமணம் பற்றிய பாடல் ஒன்று உண்டு. அம்மணம் இக்காளானின் மணமே என்று ஜப்பானியர் கொள்வர்.

1925-இல் இத்தோ, இமாய் என்னும் ஜப்பானிய அறிஞர் இருவர் இவ்வினத்தை அறிவியல்முறையில் விவரித்து, மட்சுதாக்கே என்னும் வழக்குச் சொல்லையே இனப்பெயராக அமைத்தனர். ஆயின் அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்னரே, 1905-இல், நார்வே நாட்டில் புளூட் என்னும் அறிஞர் ஒரு காளானை விவரித்திருந்தார். அதன் மணம் அவருக்குக் குமட்டலை உண்டாக்கியது போலும். 'குமட்டுவது' என்னும் பொருள்பட 'நாசியோசா' என்று அதற்குப் பெயரிட்டார். சுவீடனில் அதே காளானை அதன் பருமன் நோக்கிக் கோலியாத் என்னும் அரக்கன் பெயரால் வழங்கினர். அங்கு அது மிக அரிய இனமாகக் கருதப்பட்டது.

கடந்த நூற்றாண்டின் இறுதியில் சுவீடன் ஆய்வாளர்கள் மரபணுக்களை ஒப்பிட்டு, நார்வேயின் குமட்டும் காளானும் ஜப்பானின் நறுமணக் காளானும் ஒரே இனமே என்று நிறுவினர். ஒரே மணம் ஒரு நாட்டில் இலையுதிர்கால இன்பமாகவும், மற்றொரு நாட்டில் குமட்டலாகவும் பெயர்பெற்றிருந்தது. பெயர் என்பது பொருளை மட்டும் சுட்டுவதன்று, பெயரிட்டவரின் பார்வையையும் சுட்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேடவேண்டுவதில்லை.

இதனால் ஒரு சிக்கல் எழுந்தது. பூஞ்சைகளுக்கும் தாவரங்களுக்குமான பன்னாட்டுப் பெயரிடு நெறியின்படி, ஓர் இனத்துக்கு முதலில் இடப்பட்ட பெயரே நிலைக்கவேண்டும். அவ்விதியை அப்படியே பின்பற்றினால் மட்சுதாக்கே என்னும் பெயர் நீங்கி, 'குமட்டுவது' என்பதே உலகெங்கும் நிலைபெறும். ஆயினும் அந்நெறியிலேயே ஒரு விலக்கு உண்டு. நெடிது வழங்கிவரும் பெயர் அழிவது குழப்பம் விளைக்குமாயின், உரிய குழுவின் ஒப்புதலோடு அதனைக் 'காக்கப்பட்ட பெயர்' என்று நிலைநிறுத்தலாம். ஆய்வாளர்கள் அவ்வாறே முன்மொழிய, மட்சுதாக்கே என்னும் பெயர் காக்கப்பட்டது. உயிரைக் காப்பதற்கு முன்னரே அதன் பெயரைக் காக்கவேண்டியிருந்தது.

இதன் பயன் பெயரளவில் நின்றுவிடவில்லை. தங்கள் காட்டில் வளர்வது புகழ்பெற்ற மட்சுதாக்கேயே என்று அறிந்தபின் வட சுவீடனில் அதனைத் தேடுவோர் பெருகினர். முன்னர் அறியப்படாத பல இடங்களில் அது கண்டறியப்பட்டது. அரியது என்று எண்ணப்பட்டதில் ஒரு பகுதி, தேடப்படாமையால் விளைந்த அருமையே.

அரியது வேறு, அருகியது வேறு

இங்குக் கலைச்சொல் பற்றிச் சிறிது கூறவேண்டும். செம்பட்டியலின் வகைகளைத் தமிழில் பலரும் இவ்வாறு வழங்குகின்றனர்: முற்றாக அற்றுவிட்ட இனம், இயலிடத்தில் அற்றுவிட்ட இனம், மிக அருகிய இனம், அருகிய இனம், அழிவாய்ப்பு இனம், அச்சுறுநிலையை அண்மித்த இனம், தீவாய்ப்புக் குறைந்த இனம். இவற்றோடு தரவு போதாத இனம், மதிப்பிடப்படாத இனம் என்னும் இரண்டும் சேர ஒன்பதாகும். மிக அருகியது, அருகியது, அழிவாய்ப்புடையது ஆகிய மூன்று மட்டுமே 'அச்சுறுத்தலுக்கு உட்பட்டவை' எனத் தொகுத்துக் கூறப்படும்.

மாணவர் பலர் 'அரிய இனம்' என்பதையும் 'அருகிய இனம்' என்பதையும் ஒன்றாகவே எழுதுகின்றனர். ஓசை ஒப்புமையும் பொருள் நெருக்கமும் இம்மயக்கத்துக்குக் காரணங்கள். 'அரிய' என்பது அருமை என்னும் பண்பின் அடியாகப் பிறந்தது. அது ஒரு நிலையைக் குறிக்கும். 'அருகு' என்பதோ குறைதலைக் குறிக்கும் வினை. 'அருகிய' என்பது அவ்வினையின் பெயரெச்சம். அது ஒரு நிகழ்ச்சியை, அஃதாவது முன்பு மிகுந்திருந்து பின்பு குறைந்தமையை உணர்த்த வல்லது. அருகாமையைச் சுட்டும் 'அருகில்' என்னும் சொல்லோடு இதனை மயக்குதலும் ஆகாது.

இவ்வேறுபாடு இலக்கண நுட்பம் மட்டுமன்று, அறிவியல் வேறுபாடும் ஆகும். ஒரு மலையுச்சியில் மட்டும் வாழும் செடி எண்ணிக்கையில் மிகக் குறைவாயினும் நூற்றாண்டுகளாக அக்குறைவிலேயே நிலைத்திருக்கலாம். அது அரியது. எண்ணிக்கையில் மிக்க ஓர் இனம் விரைந்து குறைந்து வரலாம். அது இன்னும் அரியதாகாவிடினும் அழிவை நோக்கிச் செல்வது. மட்சுதாக்கே இரண்டாம் வகையினது. ஜப்பான், கொரியா, சீனா தொடங்கி வட ஐரோப்பா வரை பரந்துள்ள இனம் அது. அத்துணைப் பரப்பில் வாழ்வதனை அழிவாய்ப்பு இனம் என்றது அதன் குறைவின் வேகம் கருதியே.

அவ்வேகத்தை அளக்கும் முறை எளிது. கடந்த 10 ஆண்டு அல்லது மூன்று தலைமுறை, இவற்றுள் நெடியதனை எடுத்துக்கொள்க. குறைவின் காரணங்கள் நீங்காதிருக்க, அக்காலத்துள் இனத்தொகை 30 விழுக்காடோ அதற்கு மேலோ குறைந்திருப்பின் அழிவாய்ப்பு இனம். 50 விழுக்காடு எனின் அருகிய இனம். 80 விழுக்காடு எனின் மிக அருகிய இனம். மட்சுதாக்கே போன்ற மண்வாழ் பூஞ்சைகளுக்கு மூன்று தலைமுறை என்பது அரை நூற்றாண்டு அளவினதாகக் கொள்ளப்படும்.

குறைந்தமைக்குக் காரணங்கள்

ஜப்பானின் மட்சுதாக்கே விளைச்சல் 1941-இல் ஏறத்தாழ 12,000 டன்னாக இருந்தது. அண்மை ஆண்டுகளில் அது 100 டன்னுக்கும் கீழ்ப்பட்டது. இவ்வீழ்ச்சிக்கு இரு பெருங்காரணங்கள் உண்டு.

முதற்காரணம் பைன் வாடல் நோய். வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட நுண்ணிய நூற்புழு ஒன்று ஜப்பானியப் பைன்களைத் தாக்கியது. 1905-இல் நாகசாகியில் மரங்கள் மடிவது முதலில் குறிக்கப்பட்டது. அதற்குக் காரணம் அந்நூற்புழுவே என்று உறுதியானது 1971-இல்தான். பைன் மரத்தைத் துளைக்கும் நீள்கொம்பு வண்டு அப்புழுவை மரத்துக்கு மரம் சுமந்து செல்கின்றது. நோய் உச்சத்திலிருந்த 1979-இல் ஓராண்டில் மட்டும் ஏறத்தாழ 24 இலட்சம் கன மீட்டர் மரம் அழிந்தது. மரம் மடிந்தால் அதன் வேரை நம்பிய பூஞ்சையும் மடியும்.

இரண்டாம் காரணம் வியப்புக்குரியது. மனிதர் காட்டைவிட்டு விலகியமையே அது. ஊரை ஒட்டிய காடுகளில் ஜப்பானிய உழவர் விறகு வெட்டினர். கரிக்கு மரம் எடுத்தனர். எருவுக்காக உதிர்ந்த இலைகளை வாரிச் சென்றனர். இதனால் மண் சத்துக் குன்றி வெயில்பட்டுக் கிடந்தது. வளமற்ற அம்மண்ணில்தான் செம்பைன் செழிக்கும், மட்சுதாக்கேயும் செழிக்கும். 1950-களுக்குப் பின் எரிவாயுவும் மண்ணெண்ணெயும் விறகை விலக்கின. வேதியுரம் இலையெருவை விலக்கியது. வாரப்படாத சருகு மட்கி மண் வளமுற்றது. அகன்ற இலை மரங்கள் ஓங்கிப் பைனை நிழலில் ஆழ்த்தின. மற்றப் பூஞ்சைகள் மட்சுதாக்கேயின் இடத்தைக் கைப்பற்றின.

காட்டைத் தொடாமல் விடுதலே காத்தல் என்னும் கருத்து இங்குப் பொருந்தவில்லை. சில உயிர்கள் மனிதக் கையின் அளவான தீண்டலோடு இயைந்து வாழப் பழகியவை. ஆகவே காப்பு என்பது எங்கும் ஒரே செயலன்று. ஒவ்வோர் உயிரின் வாழ்முறையையும் அறிந்து செய்யவேண்டிய செயல் அது.

எண்ணுவது எவ்வாறு?

இங்கு ஐயம் ஒன்று எழலாம். விளைச்சல் குறைந்தது என்பதும் இனத்தொகை குறைந்தது என்பதும் ஒன்றாகுமா? ஆகா. பறிப்பவர் முதுமையுற்று மலையேறாவிடினும் விளைச்சற் கணக்கு குறையும். மழை பொய்த்த ஆண்டில் ஷிரோ உயிரோடிருந்தும் காளான் முளையாமற் போகும். எனவே விளைச்சற் கணக்கை மட்டும் கொண்டு முடிவு செய்தல் தவறு. பைன் காட்டின் பரப்பு எவ்வளவு சுருங்கியது, எஞ்சிய காட்டின் தன்மை எவ்வாறு மாறியது என்பவற்றையும் சேர்த்தே மதிப்பிடுதல் வேண்டும்.

யானையை எண்ணலாம், தேக்கை எண்ணலாம். மண்ணுக்குள் பரந்த இழைவலையில் ஓர் உயிர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகின்றது என்பதைக் கண்ணால் காண இயலாது. ஆதலால் பூஞ்சையியலார் அறியப்பட்ட வாழிடங்களின் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டு, இடம் ஒன்றுக்கு இத்தனை உயிர்கள் என்னும் அனுமானத்தால் தொகையைக் கணிக்கின்றனர். புகையைக் கண்டு நெருப்பை உணரும் அளவையே இது.

இவ்வருமைப்பாட்டால் பூஞ்சைகள் செம்பட்டியலில் நெடுங்காலம் இடம்பெறவில்லை. 2025 மார்ச்சு மாதத்தில்தான் மதிப்பிடப்பட்ட பூஞ்சை இனங்களின் தொகை ஆயிரத்தைக் கடந்து ஏறத்தாழ 1,300-ஐ எட்டியது. அவற்றுள் 411 இனங்களேனும் அச்சுறுத்தலுக்கு உட்பட்டவை. பெயரிடப்பட்ட பூஞ்சைகள் ஏறத்தாழ 1,55,000. உலகில் உள்ளனவோ 20 இலட்சத்துக்கும் மேல் இருக்கலாம் என்பது அறிஞர் கணிப்பு. அறியப்பட்டவற்றுள் நூற்றில் ஒன்றைக்கூட நாம் இன்னும் மதிப்பிடவில்லை.

காப்பு முயற்சிகள்

சீனா 1999-இல் மட்சுதாக்கேயை இரண்டாம் நிலைக் காப்புக்குரிய இனமாக அறிவித்தது. ஜப்பானில் சில ஊர்களில் மக்கள் கூடிச் சருகு வாரி, அகன்ற இலை மரங்களைக் களைந்து, பைன் காட்டைப் பழைய நிலைக்கு மீட்க முயல்கின்றனர். பறிக்கும் முறையிலும் கவனம் வேண்டும். அமெரிக்காவின் ஒரிகன் காடுகளில் வளரும் நெருங்கிய உறவினம் ஒன்றை ஆராய்ந்தவர்கள், காளானை மெல்லப் பறிப்பதால் அடுத்த ஆண்டுகளின் விளைச்சல் கெடவில்லை என்றும், வாருகோலால் மண்ணை ஆழக் கிளறி மூடாது விட்டால் விளைச்சல் குன்றுகின்றது என்றும் கண்டனர். கனியைப் பறித்தல் வேறு, வேரைக் கிளறுதல் வேறு.

நம் காடுகளும் நம் வகுப்பறைகளும்

பைன் காட்டுப் பூஞ்சையின் கதை நமக்கு எதற்கு என்று வினவலாம். தீபகற்ப மலேசியா, சபா, சரவாக் ஆகியவற்றின் மழைக்காடுகளில் ஓங்கி நிற்கும் மெராந்தி, கெருவிங், காப்பூர் முதலிய மரங்களும், சிங்கப்பூரின் புக்கித் தீமா காட்டில் எஞ்சியுள்ள அக்குடும்பத்து மரங்களும் பைனைப் போலவே வேர்ப்பூஞ்சைகளோடு உறவு பூண்டவை. ஒரு மெராந்தி மரம் வீழும்போது அதன் வேரைச் சார்ந்த பூஞ்சையும் சார்பிழக்கின்றது. அவ்வாறு இழக்கப்படுவனவற்றுள் பல பெயரிடப்படாதவை. பெயரில்லாததைப் பட்டியலில் சேர்க்க இயலாது. பட்டியலில் இல்லாததைக் காக்கச் சட்டமும் செய்ய இயலாது.

பெயருடையன சிலவும் நம்மிடம் உண்டு. புலிப்பால் காளான் அவற்றுள் ஒன்று. தாய்ப்புலியின் பால் சிந்திய இடத்தில் முளைப்பது என்னும் நம்பிக்கையால் மலாய் மொழியில் அப்பெயர் பெற்றது. ஒராங் அஸ்லி மக்கள் அதன் நிலத்தடிக் கிழங்குபோன்ற கட்டியை நெடுங்காலமாக மருந்தாகக் கொள்கின்றனர். 1879-இல் பினாங்கில் கிடைத்ததைக் கொண்டே அறிவியலார் அதனை முதன்முதல் விவரித்தனர். காட்டு மக்களின் மொழி அதற்கு முன்னரே அதனை அறிந்திருந்தது. அம்மொழிகள் நலியுமாயின், அவற்றிலுள்ள பெயர்களோடு உயிர்களைப் பற்றிய அறிவும் நலியும்.

பூஞ்சைகள் தாவரங்கள் அல்ல. 1969-இல் விட்டேக்கர் அவற்றைத் தனி உலகமாகப் பிரித்துக் காட்டினார். மரபணு ஆய்வின்படி அவை தாவரத்தினும் விலங்குக்கே நெருங்கிய உறவினர். ஆயினும் நம் பாடநூல்களிலும் பேச்சிலும் 'தாவரங்களும் விலங்குகளும்' என்று இரண்டோடு நிறுத்திவிடுகின்றோம். 2021-இல் பன்னாட்டு ஒன்றியத்தின் இனவாழ்வுக் குழு, இவ்விரண்டோடு பூஞ்சைகளையும் மூன்றாவதாகச் சேர்த்தே வழங்கவேண்டும் என முடிவு செய்தது. தமிழில் 'தாவரம், விலங்கு, பூஞ்சை' என்று மூன்றையும் சேர்த்து எழுதுவதற்கு எந்தத் தடையும் இல்லை. பழக்கமே வேண்டும்.

ஆசிரியர்கள் வகுப்பறையில் மூன்று செயல்களைத் தொடங்கலாம். அரிய, அருகிய, அழிவாய்ப்புடைய என்னும் சொற்களைப் பொருள் வேறுபாடு விளங்கப் பயிற்றுதல் முதலாவது. ஓர் இனம் அழிகின்றது என்னும் செய்தியைப் படிக்கும்போது, எவ்வளவு, எத்துணைக் காலத்தில், எதனைக் கொண்டு அளந்தனர் என்று வினவப் பழக்குதல் இரண்டாவது. பள்ளித் தோட்டத்திலோ பூங்காவிலோ காளானைக் காணும் மாணவர் அதனைச் சுவைக்காமலும் பிடுங்காமலும், நாள், இடம், அருகிலுள்ள மரம், நிறம், மணம் ஆகியவற்றைத் தமிழில் குறித்துவைத்துப் படமெடுத்தல் மூன்றாவது. மணத்தைக் குறிக்கும்போது நன்று, தீது என்று எழுதி நிறுத்தாமல், எதன் மணத்தை ஒத்தது என்று எழுதச் சொல்லவேண்டும். குமட்டுவது என்று ஒருவர் எழுதியது மற்றொரு நாட்டில் இலையுதிர்காலத்தின் நறுமணமாக இருந்ததை மாணவர் அறிந்திருத்தல் நலம்.